மிசின் நேரம்

இப்போது என்னிடம் யாரும் நேரம் கேட்பதில்லை. வேலையில் இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தின் நேரம் என் மேசையிலிருந்துதான் புறப்பட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை, சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது. சுற்றறிக்கையை எழுதியவனும் நான்தான்.

வட்டகொடை ஸ்டேசனிலிருந்து மேலே ஏறிப் போகிற, நான்கு டிவிஷன் உள்ள தேயிலைத் தோட்டம். நான் பெரிய கிளாக்கர். கொழும்புத் தலைமை ஆபீஸ் கைரேகை மிசின்களை அனுப்பிவைத்தபோது, கூடவே வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன் நான் ஒருவன்தான். அதற்குத் தண்டனையாக சர்வரும் என் பொறுப்பில் வந்தது.

ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு டிவிஷனிலும், காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு மிசின். அதன் உள்ளே இருக்கும் கடிகாரம் மலிவுச் சரக்கு, விட்டால் தன் போக்குக்கு ஓடும். ஆகவே அது கால் மணிக்கு ஒரு தடவை, தொழிற்சாலை ஆபீஸில் இருக்கும் சர்வரிடம் நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். சர்வர் கொழும்பிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் நான்கு மிசின்களுக்கும் சர்வருக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் பார்ப்பேன். இரண்டு விநாடிக்குள் இருந்தால் பச்சை. பச்சைக்கு எதிரே சரி போட்டுக் கையெழுத்து வைப்பேன். வித்தியாசம் கூடினால் திருத்திவிட்டு, ஏன் எவ்வளவு என்று குறிப்பு எழுதி, தோட்ட மேனேஜரான துரையிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நேரத்தைப் பற்றி யாராவது முறையிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விதி வைத்தேன்: “சர்வர் காட்டும் நேரமே தோட்டத்தின் நேரம்.” அந்த வரியை எழுதி முடித்த அன்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்தேன்.

பெரட்டு காலை ஏழு மணிக்கு. ஏழு பத்து வரை மிசின் விரலை ஏற்கும். அதற்குப் பிறகு விரல் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே இருந்து ஒரு பெண் குரல் “பிளீஸ் ட்ரை அகேன்” என்று கொஞ்சும். தொழிலாளர்கள் அவளுக்கு வெள்ளக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளக்காரி வேண்டாம் என்றால் அன்றைக்குப் பேர் இல்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்றுதான் சொல்வார்கள். “இன்னைக்குப் பேரு கெடச்சுச்சா?” என்று கேட்பார்கள். தாயும் தகப்பனும் வைத்த பெயர் வேறு. அது பெரும்பாலும் ஆட்களின் பதிவேடான செக்ரோலில் எழுத்துப் பிழையோடுதான் இருக்கும். மூன்று மாதத்தில் பதினைந்து தடவை பேர் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டால் செக்ரோலிலிருந்து பெயரை வெட்டலாம் என்று துரையின் உத்தரவு ஒன்று இருந்தது. பெயர் வெட்டப்பட்ட குடும்பத்தில் வேறு யாரும் பதிவில் இல்லையென்றால் லயம் என்கிற வரிசை வீட்டில் அவர்கள் இருக்கும் காம்பராவையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து கம்பித் தூண்கள் இரண்டு ஆற்றுக்குள் போயின. கொழும்புத் தொடர்புக்கு, போன் சிம்மில் இணையம் தருகிற ஒரு டொங்கலைக் கொடுத்தார்கள். அதன் வழியாக மின்னஞ்சல் போனது, கொழுந்து நிறை போனது, நேரம் மட்டும் வரவில்லை. கொழும்பில் யாரோ பாதுகாப்புக்கென்று அந்த வழியை அடைத்திருந்தார்கள். மேலே கேட்க ஆள் இல்லாதபோது சர்வர் என்ன செய்யும்? தன்னையே கேட்டுக்கொள்ளும். அப்படிச் செய்யும்படி வைத்ததும் நான்தான். இல்லாவிட்டால் கீழே உள்ள மிசின்கள் நான்கும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு நேரம் காட்டும்.

சர்வர் இருந்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலை காய்ச்சும் டிரையர். அந்தச் சூட்டில் சர்வரின் கடிகாரம் நாளுக்கு ஐந்தாறு விநாடி முந்தியது. நான்கு மாதத்தில் பதினொரு நிமிடம். திங்கட்கிழமைதோறும் நான் திரையைப் பார்த்தேன். மிசின்களுக்கும் சர்வருக்கும் வித்தியாசம் பூச்சியம். சர்வருக்கும் சர்வருக்கும் வித்தியாசம் பூச்சியம். எல்லாம் பச்சை. பொய்யனிடம் அவன் சொன்னது சரியா என்று அவனையே கேட்டு, சரி என்ற பதிலை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பதினேழு திங்கட்கிழமைகள்.

தோட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. எல்லார் கையிலும் போன் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் மேலிருந்து வருகிற எதையும் பிழை என்று சொல்லும் முன் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பழகிவிடுவார்கள். “என்ன நேரம்?” என்றால் “போன் நேரமா, மிசின் நேரமா?” என்று திருப்பிக் கேட்டார்கள். கங்காணிமார் மிசினைப் பார்த்து விசில் ஊதினார்கள். சனம் அதற்குத் தக்கபடி சீக்கிரம் எழும்பியது. மாலையில் வேலை விடுகிற சங்கை மட்டும் தொழிற்சாலைக் காவலாளி தன் போனைப் பார்த்து ஊதினான். ஆக, காலை மிசின் நேரம், மாலை போன் நேரம். நடுவே கிடந்த பதினொரு நிமிடமும் தோட்டத்துக்குக் கொழுந்தாக வந்து சேர்ந்தது.

சீக்கிரம் எழும்ப முடிகிறவர்களுக்கு இதில் கஷ்டம் பெரிதில்லை. கைப்பிள்ளைக்காரிகளுக்கு மட்டும் வேறு கணக்கு. பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்தைப் புள்ளக்காம்பரா என்பார்கள். அதன் கதவை ஆயா ஆறே முக்காலுக்குத் திறப்பாள், தன் போனைப் பார்த்து. அங்கிருந்து மேல் டிவிஷன் பெரட்டுக் களத்துக்கு இருபது நிமிட ஏற்றம். போன் நேரத்தில் புறப்பட்டு மிசின் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். வீட்டில் மாமியாரோ நாத்தனாரோ இருந்தவர்கள் பிள்ளையை அவர்களிடம் தள்ளிவிட்டுப் புறப்பட்டார்கள். அப்படி யாரும் இல்லாதவள் மேல் டிவிஷனில் ஒருத்திதான். முப்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் கொழும்பில் கடை வேலை, தீபாவளிக்கு வந்து போகிறவன். அவள் பெயர் ஒன்றுதான் அந்தக் காம்பராவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் ஒரு நாள் காலை ஆபீஸ் படிக்கு வந்தாள். கொழுந்துக் கூடை இன்னும் முதுகில் இருந்தது. பேர் கிடைக்காமல் நேரே இறங்கி வந்து, ஆபீஸில் ஆள் வரும்வரை காத்திருந்திருக்கிறாள்.

“ஐயா, ஒரு சேதிங்க.”

“சொல்லு.”

கீறல் விழுந்த போனை நீட்டினாள். “புள்ளய விட்டுட்டு வந்து களத்துல ஏறுறப்போ இதுல ஏழு அஞ்சுங்க. மிசின்ல ஏழு பதினாறு. நடுவுல பதினோரு நிமிசம் எங்கங்க போவுது?”

எனக்குப் பின்னால் இரண்டாம் கிளாக்கர் இருந்தார். நாற்பத்தைந்து வயது, எதற்கும் சிரிக்க ஆயத்தமான மனிதர். “வர்ற வழியில தண்ணி புடிக்கிற பீலியடியில நின்னு கத பேசியிருப்ப. பதினோரு நிமிசமும் அங்கதான் கெடக்கும், போய்ப் பொறுக்கிக்க.”

“பீலியடியில நிக்க எனக்கு எங்கங்க நேரம்? நீங்கதான் தெனம் ஒம்போது மணிக்கு வந்து, எட்டுன்னு எழுதுறீங்க.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறகு என் விதிப்படி நடந்தேன். திரையை அவள் பக்கம் திருப்பி வரிசையாக நின்ற பூச்சியங்களைக் காட்டினேன்.

“இது என்னா தெரியுமா? ஒங்க மிசினுக்கும் இங்க உள்ளதுக்கும் வித்தியாசம் ஒன்னுமில்ல. ஒரு விநாடி கூட இல்ல.”

“அது சரிங்க. ஆனா இங்க உள்ளதே பெழையா இருந்தா?”

படிப்பு ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ. நான்கு மாதமாக நான் என்னையே கேட்காத கேள்வியை அவள் கூடையை இறக்காமலே கேட்டுவிட்டாள்.

“தோட்டத்துக்கு சர்வர் நேரந்தான் நேரம்,” என்றேன்.

“எனக்குப் பன்னெண்டு நாள் போயிருச்சுங்க ஐயா. இன்னும் மூனுதான் இருக்கு. எம்பேரு போனா காம்பரா போயிரும். புள்ளய வச்சுக்கிட்டு நா எங்க போவேன்?”

“எழுதி வச்சுக்கிறேன். போ.”

போய்விட்டாள். நான் மேசை லாச்சியைத் திறந்து என் கைக்கடிகாரத்தை எடுத்தேன். வானொலிச் செய்திக்கு முன்னால் ஒலிக்கும் மணியோடு அன்று காலைதான் அதைச் சரிபார்த்திருந்தேன். சர்வர் பதினொரு நிமிடம் முந்தி இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. பதிவில் மண்சரிவுத் திகதிக்குப் பிறகு “மேல் நேரம்: இல்லை” என்ற வரி தினமும் விழுந்திருந்தது. திங்கட்கிழமைகளில் நான் பார்க்கிற பக்கத்துக்கு அடுத்த பக்கம் அது. என் நடைமுறையில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்படி நான் எழுதவில்லை.

திருத்துவது சிறு வேலை. ஒரு கட்டளை, ஒரு தட்டு. ஆனால் குறிப்பு எழுதி துரையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். துரை பங்களா வரவேற்பறையில் நாய்க்குப் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார். சிங்களவர். தமிழை எங்கள் ஆட்களை விரட்டுவதற்கென்று கற்றவர், அந்த அளவுக்கு நன்றாகவே பேசுவார். விஷயத்தைக் கேட்டு முடித்தார்.

“எத்தன மாசம், கிளாக்கர்?”

“நாலு மாசம் சேர்.”

“அப்ப நாலு மாசமா எல்லா ஆளும் வெள்ளன வந்து வேல செஞ்சது. அத நீ எழுதுறது. நான் கையெழுத்து போடுறது. சங்கத் தலைவர் பாக்குறது. அப்புறம் என்னா நடக்கும்?”

என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும்: நான்கு மாதத்து நிமிடங்களுக்கும் சங்கம் சம்பளம் கேட்கும்.

“சத்தம் இல்லாம சரி பண்ண ஏலாதா?”

ஏலும். அதுதான் விஷயம். கையேட்டில் ஒரு அதிகாரமே அதற்கென்று இருந்தது. கடிகாரத்தை ஒரே குதியில் பின்னால் இழுத்தால் பதிவில் தழும்பு விழும்: ஏழு இருபதுக்குப் பிறகு ஏழு ஒன்பது வரும், குழந்தைக்கும் தெரியும். ஆனால் கடிகாரத்தின் ஓட்டத்தை இம்மியளவு மெதுவாக்கிவிட்டால் அது தானாகவே மெல்ல மெல்லப் பின்வாங்கும். எந்த விநாடியும் காணாமல் போகாது. ஒவ்வொரு விநாடியும் கொஞ்சம் நீளமாக இருக்கும், அவ்வளவுதான். அந்த வழியில் நாளொன்றுக்கு நாற்பத்து மூன்று விநாடிதான் இழுக்கலாம். தன் இயல்பில் முந்துகிற ஐந்தாறைக் கழித்தால் முப்பத்தேழு சொச்சம். அறுநூற்று அறுபது விநாடிக்குப் பதினெட்டு நாள். அதன் பிறகு அந்த ஐந்தாறை மட்டும் கழித்துக்கொண்டே ஓடும்படி வைத்துவிட்டால் மறுபடி முந்தாது. துரைக்கு இந்தக் கணக்கைச் சிகரெட் பெட்டியின் பின்புறம் போட்டுக் காட்டினேன்.

“வித்தியாசம் தெரியாதா?”

“பதிவுல தெரியாது சேர்.”

“ஹரி,” என்றார், சரி என்பதற்குச் சிங்களத்தில். நாய் இன்னொரு பிஸ்கட்டைத் தின்றது.

அன்று மாலையே கட்டளையைக் கொடுத்தேன். ஒரே தட்டில் திருத்தியிருந்தால் அவள் பன்னிரண்டில் நின்றிருப்பாள். மறுநாள் காலை ஐந்து நிமிடம் மிச்சம் வைத்துக் களத்துக்கு வந்திருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால், எண்ணத் தெரிந்த எவனும் நம்பமாட்டான்.

முதல் இரண்டு நாளும் அவளை மிசின் திருப்பி அனுப்பியது. பதின்மூன்று, பதினான்கு. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஓடி வந்து பேர் வாங்கினாள். ஐந்தாம் நாள் மழை. ஏற்றத்தில் ஓட முடியாது. பதினைந்து.

தலைவர் ஆபீஸுக்கு வந்தார். தோட்டத்தில் சங்கத்தின் தலைவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, எழுதுவது எப்போதும் நாங்கள்.

“பெரிய ஐயா, அந்தப் புள்ள மிசின் பெழைன்னு சொல்லுது. போனயும் மிசினயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டா முடிஞ்சுச்சு. வாங்க, இப்பவே போவோம்.”

நான் விதிப் புத்தகத்தை எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதானால் இரு தரப்பும் முன்னிலையில், விசாரணை நாளன்று. எட்டாம் விதி. அதையும் நான்தான் எழுதியிருந்தேன், நல்ல நோக்கத்தோடு.

“மொறன்னு ஒன்னு இருக்குல்ல தலைவர்? விசாரண அன்னைக்கே எல்லார் முன்னுக்கும் வச்சுப் பாத்துருவோம். ஒங்களுக்கும் அதுதான் கௌரவம்.”

கௌரவம் என்ற சொல் அவருக்குப் பிடிக்கும். “என்னைக்கு வச்சுக்கலாம்?”

நாட்காட்டியைப் புரட்டுவதுபோல் புரட்டினேன். கட்டளை கொடுத்து இருபதாம் நாள் வருகிற திகதியைச் சொன்னேன்.

விசாரணையை மேல் டிவிஷன் பெரட்டுக் களத்திலேயே வைத்தோம். துரைக்கு நாற்காலி, எனக்கு ஸ்டூல், தலைவருக்கு ஒரு பெட்டி. வேலைக்குப் போகிற சனம் தள்ளி நின்று பார்த்தது. அவள் குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, புள்ளக்காம்பரா ஆயாவையும் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தாள்.

“எங்க, ஒங்க போன காட்டு,” என்றார் துரை.

ஆயா தன் போனை மிசினுக்குப் பக்கத்தில் பிடித்தாள். தலைவர் தன்னுடையதையும் பிடித்தார். எட்டு நாலு. எட்டு நாலு. எட்டு நாலு. மூன்றும் ஒன்றாக எட்டு ஐந்துக்கு மாறின. யாரோ ஒருவன் கூட்டத்திலிருந்து “வெள்ளக்காரி சாமி பொய் சொல்லாது!” என்றான். சிரிப்பு எழுந்தது. மிசின் நேரம் என்று பெயர் வைத்தவர்களும், துரைக்கு முன்னால் தங்கள் பேரைப் பறிகொடுக்க மனமில்லாமல், சேர்ந்து சிரித்தார்கள்.

தலைவரின் கழுத்து சிவந்துவிட்டது. “என்னம்மா இது? எங்க மூஞ்சியிலயும் கரி பூசிட்டியே.”

அவள் மிசினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள், துரையை இல்லை.

“அன்னைக்குப் பதினோரு நிமிசம் இருந்துச்சுங்க. ஐயாகிட்டயே காட்டுனேன்.”

“ஐயா எழுதி வச்சிருக்காரா?” என்று துரை என்னிடம் கேட்டார்.

“இல்ல சேர். போன் நேரத்த எழுதுற பழக்கம் இல்ல.”

“தொரைங்க, ஒன்னே ஒன்னு சொல்லிக்கிறேன். மொத கெழம நா ஓடி ஓடி வந்தேன், மூனு நா பேரு கெடைக்கல. அப்புறம் போன கெழம, இந்தா, நடந்துதான் வந்தேன். தெனம் பேரு கெடச்சுச்சு. ஓடுனா பிந்துது, நடந்தா முந்துது. பாத அதேதானுங்க. காலும் அதேதானுங்க. நா மாறல, மிசின்தான் கொஞ்சங் கொஞ்சமா எறங்கி வந்துச்சு.”

என் மடியில் பதிவு இருந்தது. திருப்பி அனுப்பிய விரல்கள், ஏற்ற விரல்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே விநாடி வரை நேரம். நடந்து வந்த கடைசி நாட்களில் அவள் வரிகளை நான் முந்தைய நாளே பார்த்திருந்தேன். நாளுக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு விநாடி என்று படிக்கட்டுபோல் இறங்கின. நான் சிகரெட் பெட்டியில் போட்ட கணக்கு அந்தப் பக்கத்தில் அவள் காலால் எழுதப்பட்டிருந்தது. தோட்டத்தில் சர்வரைச் சரியாகக் கண்காணித்தது அவள் ஒருத்திதான், இருபது நிமிட ஏற்றத்தை அளவுகோலாக வைத்து.

துரை நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். “நீயே சொல்லுற, நடந்தே நேரத்துக்கு வர ஏலும்னு?”

“ஆமாங்க, ஆனா...”

“அப்ப முந்தி ஏன் வரல?”

கூட்டம் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை கொஞ்சம் குறைவாக.

“கிளாக்கர், கடைசி பத்து நாளு என்னா?”

பதிவைப் பிரித்து வாசித்தேன். “கடைசிப் பத்து வேலை நாளும் நேரத்துக்கு வந்திருக்கு சேர்.” திகதிகளை வாசித்தேன். நிமிடங்களை யாரும் கேட்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

“பாத்தியா? பேரு வெட்டுவாங்கன்னு பயம் வந்த ஒடன நேரத்துக்கு வருது. அப்ப சோம்பல்தானே?”

தலைவர் தலையைக் குனிந்து இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்து, நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஆயா தன் போனைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிழை அதில்தான் என்பதுபோல.

என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்ததும், இனி என்னைப் பார்க்க வரும்போது கூடையோடு வராதே என்று அவரிடம் சொன்னேன். அவர் அப்படியே செய்தார். அன்று களத்தில் இது ஏன் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை. வந்தது, போய்விட்டது. நான் பெயர் வெட்டும் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன்.

அந்த வருடக் கடைசியில் கொழும்பிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் என் நேரப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான புத்தகத்தை வேறு எந்தத் தோட்டத்திலும் காணவில்லை என்றார்கள். உண்மைதான். வெட்டு இல்லை, திருத்தம் இல்லை, குறிப்பு இல்லை.

காம்பராவைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு ஒரு மாதம் தந்திருந்தோம். பெயர் வெட்டப்பட்ட மறுநாளே புள்ளக்காம்பராவில் பிள்ளையை எடுக்கவில்லை. பதிவில் உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம், அதுவும் விதி. அந்த மாதம் முழுக்க அவள் எந்த வேலைக்கும் போக முடியாமல் பிள்ளையோடு லயத்து வாசலில் இருந்தாள் என்று சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசி நாள் அவளே ஆபீஸுக்கு வந்தாள். பிள்ளை இடுப்பில், இரண்டு உரப்பைகளில் சாமான் படிக்குக் கீழே. நுவரெலியாவில் மரக்கறி கழுவிக் கட்டுகிற இடத்தில் அவள் வேலை தேடிப் பிடித்திருப்பதாக, நான் கேட்காமலே இரண்டாம் கிளாக்கர் சொன்னார். அன்று அவர் சிரிக்கவில்லை.

காம்பராப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தாள். காம்பரா ஒப்படைப்புப் படிவத்தை எடுத்தேன். லயத்தின் எண், காம்பராவின் எண், கதவு, யன்னல், தகரம். எல்லாவற்றுக்கும் எதிரே சரி போட்டேன். கடைசியில் இரண்டு கட்டம்: திகதி, நேரம். திகதியை எழுதினேன். நேரத்துக்குத் திரையைப் பார்க்கத் தலையைத் தூக்கினேன்.

“எந்த நேரங்க போடுறீங்க ஐயா?” என்றாள்.

அவள் குரலில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளை என் மேசையில் இருந்த முத்திரையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அவள் அதன் கையை மெதுவாக விலக்கினாள்.

“இப்ப ரெண்டும் ஒன்னுதான்,” என்றேன்.

“ஆமாங்க,” என்றாள். “இப்ப ஒன்னுதான்.”

ஒன்பது இருபத்திரண்டு என்று எழுதிப் படிவத்தைத் திருப்பினேன். கைரேகைக்கென்று விட்ட இடத்தில் விரலை மையில் தொட்டு வைத்தாள். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல். ரேகை சரியாக விழவில்லை. விதிப்படி இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன்.